சூரைப்பழமும் காட்டேரி எச்சிலும்

துடியன் என்ற அணிலுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

வேலியின் இந்த முனையில் இருந்தால் அந்த முனையில் என்ன நடக்கிறதோ என்று தோன்றும். அந்த முனைக்கு ஓடினால் இந்த முனையை விட்டு வந்துவிட்டோமே என்று தோன்றும். விடிந்ததிலிருந்து அடையும்வரை இதே ஓட்டம்.

வேலி என்றால் கம்பி வேலி அல்ல, கிளுவை வேலி. மேய்ச்சல் காட்டைச் சுற்றி யாரோ எப்போதோ கிளுவைக் குச்சிகளை நட்டார்கள். அவை தழைத்தன. மேலே கோவைக்கொடி படர்ந்தது. பிரண்டை தொற்றி ஏறியது. முடக்கத்தான் குறுக்கும் நெடுக்கும் பின்னியது. மிச்சமிருந்த சந்துகளில் எல்லாம் சூரைமுள் புகுந்துகொண்டது. அப்புறம் ஆடு தலையை நுழைக்க முடியுமா? நுழைத்தால் காதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த வேலிக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. தரையில் கௌதாரியும் முள்ளெலியும் இருந்தன. குச்சி நுனியில் ஓணான் இருந்தது. மேலே தவிட்டுக்குருவிக் கூட்டம்.

இந்தக் குருவிகள்தான் துடியனுக்குத் தொல்லை.

தவிட்டு நிறம், வெள்ளை முழி, மூடாத வாய். தனியாக ஒன்று வராது. வந்தால் கும்பலாகத்தான் வரும். கும்பலுக்குத் தலைவி மூக்காயி. சருகு விழுந்தால் கத்துவாள். விழாவிட்டால், ஏன் இன்னும் விழவில்லை என்று கத்துவாள். அவள் கத்தினால் மற்றவை எதற்கென்று கேட்காது. சேர்ந்து கத்தும்.

அது கார்த்திகை மாதம். மழை பேருக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. சூரை சரியாகக் காய்க்கவில்லை. காய்த்த கொஞ்சம் மட்டும் கறுத்துப் பழுத்து, கொக்கி முள்ளுக்கு நடுவே மினுமினுத்தது. சூரைப்பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. புளிப்பு பாதி, இனிப்பு பாதி. ஒன்று தின்றவன் ஒன்றோடு நிறுத்தமாட்டான்.

துடியனுக்குக் கூட்டில் மூன்று குட்டிகள். இப்போதுதான் கண் திறந்திருந்தன. பால் கொடுத்துக் கொடுத்து அவன் பெண்டாட்டி பூவாயி இளைத்துப் போயிருந்தாள்.

ஒருநாள் காலை, குருவிகள் பழம் தின்பதைப் பார்த்துப் பார்த்துத் துடியனுக்கு வயிறு எரிந்தது.

"மூக்காயி அத்தை! ஒண்ணு தின்னா ரெண்டு கீழ தள்றீங்களே! பாத்துத் திங்கக் கூடாதுங்களா?"

"கீழ விழுறது கௌதாரிக்கும் முள்ளெலிக்கும்டா! அதுங்க மரம் ஏறுமா? மேல இருக்கறவங்க உதிர்த்துத்தான் திங்கணும். வேலி வழக்கம் அதுதானே!"

"வழக்கம்! இந்த வருசம் பழமே இல்ல. வழக்கமாம் வழக்கம்!"

"உனக்கு இல்லாமயா போச்சு? பழம் இருக்கற எடத்துல நின்னு தின்னு! நீ ஓடி ஓடியே பட்டினி கெடக்கறவன்!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. தவிட்டுக்குருவி சிரித்தால் தகரத்தில் கல்லை உருட்டியது போல இருக்கும். துடியன் வாலை உதறிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் விடிந்தது. சூரைக் கிளை ஒன்றில் வெள்ளையாக நுரை ஒட்டியிருப்பதைத் துடியன் பார்த்தான். யாரோ துப்பிவிட்டுப் போனது போல இருந்தது. பக்கத்துக் கிளையிலும் இருந்தது. அதற்கடுத்த கிளையிலும் இருந்தது.

முன்னங்காலால் நுரையை விலக்கினான். உள்ளே பச்சையாக ஒரு பூச்சி. நுரை கட்டிக்கொண்டு, வெயில் படாமல், சாறு உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மழை பெய்த பிறகு எல்லா வேலியிலும் இருக்கும் பூச்சிதான். துடியன் அதைத் திரும்ப மூடினான்.

அவன் வால் அசையாமல் நின்றது. மற்ற நேரத்தில் அது நிற்பதே இல்லை.

குருவிகள் வந்தன. மூக்காயி முதல் பழத்தைக் கொத்தி வாயில் போட்டாள்.

"துப்புங்க!" என்று கத்தினான் துடியன். "அத்தை, துப்புங்க! முழுங்கிறாதீங்க!"

மூக்காயி பழத்தோடு விக்கிப் போனாள். "என்னடா? என்ன?"

"காட்டேரி எச்சில்! அங்க பாருங்க, கெளை கெளையா! பல்லுப் போன கிழட்டுக் காட்டேரி. ஒவ்வொரு பழமா சப்பிச் சப்பிப் பாத்துட்டு, புளிக்குதுன்னு துப்பிட்டுப் போயிட்டா. நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"வேற யார்ரா பாத்தா?"

துடியன் இதை யோசிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். குச்சி நுனியில் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"சடையன் பாத்தான்! கேளுங்க! ஏன் சடையா, காட்டேரி துப்புனாளா இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எப்போதும் தலையை ஆட்டும். வேறு வேலை அதற்குக் கிடையாது. அந்த வேலியில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் பயம் வந்தபிறகு தெரிந்தது என்ன, தெரியாதது என்ன?

"ஐயையோ!" என்றாள் மூக்காயி.

"ஐயையோ!" என்றது கூட்டம்.

"எனக்கு நேத்தே வயித்த என்னமோ பண்ணுச்சு!" என்றது ஒன்று.

"எனக்கு இறகு உதிருது! பாருங்க!" என்றது இன்னொன்று.

"ஒரு காட்டேரி இத்தனை கெளையில துப்ப முடியுமா? அக்கா தங்கச்சியோட வந்திருப்பா!"

"இந்த வேலியே இனி அவளுதுதான்!"

துடியன் வாயைத் திறக்கவே தேவையில்லாமல் போயிற்று. வெயில் ஏறுவதற்குள் தவிட்டுக்குருவிகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. காட்டைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு வேப்பமரம் நின்றது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, வேலியைப் பார்த்துப் பார்த்துக் கத்தின.

கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போயிற்று. முள்ளெலி மட்டும் புதரடியில் தயங்கி நின்றது.

"ஏனுங்க அணிலாரே, கீழ விழுந்ததைத் திங்கலாங்களா? அதுலயுமா துப்பியிருப்பா?"

"எச்சில் மேல இருந்தா என்ன, கீழ விழுந்தா என்ன? எச்சில் எச்சில்தானே!"

"அது சரிதானுங்க," என்றது முள்ளெலி. வெறும் வயிற்றோடு வளைக்குள் போயிற்று.

துடியன் கூட்டுக்கு ஓடினான். பூவாயி தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, காட்டேரியாமே? நெசமா?"

பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வந்தான். வாய் வரைக்கும் வந்தது. இவள் முள்ளெலியிடம் சொல்வாள், முள்ளெலி மூக்காயியிடம் சொல்லும் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது.

"நெசந்தான். நீ அந்தப் பக்கமே போகாத. நான் உனக்குக் கோவைக்காய் கொண்டாறேன்."

கோவைக்காய் கசக்கும். பூவாயி முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள்.

இனி வேலியும் பழமும் துடியனுக்கு மட்டும். சூரைக்குள் புகுந்து, கொழுத்த பழமாகப் பார்த்து ஒன்றைப் பறித்தான். கடித்தான்.

சரசரவென்று ஒரு சத்தம்.

தலையைத் தூக்கினான். ஒன்றும் தெரியவில்லை. காற்றா, ஓணானா, வேறு ஏதாவதா? முன்பெல்லாம் இது கேள்வியே இல்லை. காற்றாக இருந்தால் மூக்காயி ஒருவிதமாகக் கத்துவாள். பாம்பாக இருந்தால் வேறுவிதமாகக் கத்துவாள். பருந்து நிழல் விழுந்தால் ஒரே கிறீச்சு, அவ்வளவுதான், எல்லோரும் முள்ளுக்குள் இருப்பார்கள். துடியன் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டேதான் இத்தனை நாளும் நிம்மதியாகத் தின்றிருக்கிறான். இப்போதுதான் அது உறைத்தது.

ஒரு கடி, தலையைத் தூக்கு. இன்னொரு கடி, பின்னால் பார். பழத்தைப் போட்டுவிட்டுக் கூட்டுக்கு ஓடு. குட்டிகள் இருக்கின்றன. திரும்பி ஓடி வா. பழம் எங்கே விழுந்தது? தேடு. மறுபடியும் சரசர. மறுபடியும் ஓடு.

சாயங்காலம் பார்த்தால், கும்பலோடு சண்டை போட்டுக்கொண்டு தின்றதில் பாதிகூட அன்றைக்கு அவன் தின்றிருக்கவில்லை. வேலியில் பழம் தொங்குகிறது. இவன் வயிறு ஒட்டிக்கிடக்கிறது. அடுத்த நாளும் அப்படித்தான். தூங்கினால் சத்தம் கேட்டது. விழித்தால் சத்தமே கேட்கவில்லை. இரண்டாவதுதான் மோசம்.

அதற்கடுத்த நாள் உச்சி வெயிலில் பூவாயி வீறிட்டாள்.

துடியன் வேலியின் அந்த முனையில் இருந்தான். எப்படி ஓடி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சாரைப்பாம்பு ஒன்று கிளுவைக் கொம்பில் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. தலை கூட்டுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அவசரமே இல்லாமல் ஏறியது.

"புள்ளைங்கள எடுங்க!" என்று கத்தினாள் பூவாயி. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தாவினாள். துடியன் ஒன்றைக் கவ்வினான். மூன்றாவதைப் பூவாயி திரும்பி வந்து கவ்வியபோது பாம்பின் நாக்கு கூட்டுக்குள் வந்துவிட்டது.

தப்பினார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். பாம்பு வெறும் கூட்டை மோந்து பார்த்தது. இறங்கிப் போகவில்லை. அந்தக் கொம்பிலேயே சுருண்டு படுத்தது. எங்கே போய்விடுவீர்கள் என்பது போலப் படுத்தது.

சூரைமுள்ளின் நடுவில் குட்டிகளைப் போட்டுக்கொண்டு இரண்டும் மூச்சு வாங்கின.

"மூக்காயி அத்தை இருந்திருந்தா," என்றாள் பூவாயி, "அது வரப்புல வரும்போதே ஊரைக் கூட்டியிருப்பாங்க. போய்க் கூட்டியாங்க!"

"எப்படி வருவாங்க? எச்சில்னு பயந்துக்கிட்டு…"

"காட்டேரி ஒரு நாள் துப்புனா. தெனமுமா துப்புவா?"

துடியனின் வால் துடித்தது. பூவாயி அந்த வாலைப் பார்த்தாள். அவன் வாயோரத்தில் கறுப்பாகக் காய்ந்திருந்த சூரைச் சாற்றையும் பார்த்தாள்.

"காட்டேரியே வரலையா?"

"…பூச்சி. நுரைப்பூச்சி."

"நான் கசக்கக் கசக்கக் கோவைக்காய் தின்னேன். எனக்குப் பால் வத்திப் போச்சு. புள்ளைங்க ராவெல்லாம் சப்பிச் சப்பி அழுதுச்சு." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீங்க?"

துடியன் எழுந்து ஓடினான். இந்த முறை எங்கே ஓடுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வேப்பமரத்தில் கும்பல் உட்கார்ந்திருந்தது.

"அத்தை! எல்லாம் பொய்! காட்டேரியும் இல்ல, எச்சிலும் இல்ல! நாந்தான் சொன்னேன்! நான் பொய்க்காரன்! வேலிக்கு வாங்க!"

மூக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள் கூட்டத்திடம். "காட்டேரி இவன் மேலயே ஏறிக்கிட்டா. அவதான் இவன் வாயால நம்மளக் கூப்புடறா."

"ஐயோ, இல்லீங்க அத்தை! அது பூச்சிங்க! உள்ள பச்சையா ஒரு பூச்சி!"

"பூச்சி வேசத்துல இருக்கா!" என்றது ஒன்று.

"சடையனே பாத்தானே! சாட்சி இருக்கே!" என்றது இன்னொன்று.

ஓணான் எங்கே? அது கொட்டகைக் கூரைக்குக் குடி மாறியிருந்தது. துடியன் அதைப் பார்த்துக் கத்தினான். "சடையா! நான் சொன்னது பொய்தானே? சொல்லுடா!"

ஓணான் தலையை ஆட்டியது.

"பாத்தீங்களா! பொய்னு அவனே சொல்றான்!"

"அடேய், இப்ப நீ சொல்றதத்தான் அவன் பொய்ங்கறான்!" என்றாள் மூக்காயி.

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

துடியன் வேலிக்கு ஓடினான். ஒரு வாய் நிறையச் சூரைப்பழம் அடைத்துக்கொண்டு வந்தான். பழுத்தது, பாதி பழுத்தது, பச்சைக்காய் எல்லாம் அதில் இருந்தன. பார்த்துப் பறிக்க அவனுக்கு நேரம் ஏது?

"எல்லாரும் பாருங்க! நான் திங்கறேன்! எனக்கு ஒண்ணும் ஆகாது!"

தின்றான். கடகடவென்று தின்றான். கும்பல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தின்று முடித்து நெஞ்சை நிமிர்த்தினான்.

மூன்று நாள் பட்டினி. ஓட்டமோ ஓட்டம். உச்சி வெயில். வெறும் வயிற்றில் புளிக்கிற பச்சைக்காய். என்ன ஆகும்? துடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்து உருண்டான்.

"பாத்தீங்களாடி!" என்று மூக்காயி இறகைச் சிலிர்த்துக்கொண்டாள். "இத விட என்ன வேணும்? எச்சில் கொல்லுது!"

"கொல்லுது! கொல்லுது!" என்றது கும்பல்.

துடியன் உருண்டுகொண்டே, "பச்சைக்காய்… பச்சைக்காய்ங்க அத்தை…" என்றான். யார் காதில் விழும்?

வலி கொஞ்சம் விட்டதும் தள்ளாடிக்கொண்டு வேலிக்கு வந்தான். பூவாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வேலி ஓரத்தில் நின்றாள்.

"வரமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நாம போவோம்."

"அத்தனை தூரம் வெட்டவெளி. ஒரு செடி மறைப்பு இல்ல. வல்லூறு…"

"இங்க பாம்பு இருக்கு," என்றாள் பூவாயி. ஓடினாள்.

முதல் குட்டி போய்ச் சேர்ந்தது. அதைக் கொட்டகைச் சுவர் ஓட்டையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டாவதும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது அவள் வாயிலிருந்து நழுவியது.

"கொடு," என்றான் துடியன்.

அது பெண் குட்டி. மூன்றிலும் சின்னது. அவன் அதைக் கவ்விக்கொண்டு ஓடினான். பூவாயி முன்னால் ஓடினாள். வயிறு இழுத்துப் பிடித்தது. வாயில் குட்டி இருந்ததால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளாக எதற்கெடுத்தாலும் தலையைத் தூக்கியவன், தூக்க வேண்டிய நேரத்தில் மண்ணைப் பார்த்துக்கொண்டு ஓடினான்.

பாதி தூரம் வந்தான். வேப்பமரத்திலிருந்து ஒரே கிறீச்சு.

"வல்லூறு! வல்லூறு! வல்லூறு!"

துடியனுக்காக அவர்கள் கத்தவில்லை. எதைப் பார்த்தாலும் கத்துகிறவர்கள், இதைப் பார்த்தும் கத்தினார்கள். அது போதும். துடியன் நினைக்கவில்லை, பார்க்கவில்லை. பக்கத்தில் உழவர்கள் பொறுக்கிப் போட்ட கற்குவியல் ஒன்று இருந்தது. குட்டியோடு அதன் இடுக்கில் பாய்ந்தான். தலை நுழைந்தது. உடம்பு நுழைந்தது. வால் நுழையவில்லை.

வல்லூறு பாதி வாலோடு பறந்து போயிற்று.

வாலோடு காட்டேரியும் போயிற்று என்று கும்பல் அவனைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் அந்தக் குடும்பம் வேப்பமரத்திலேயே தங்கிவிட்டது. மூக்காயி நாள் முழுக்கக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் குட்டிகள் சுகமாகத் தூங்கின. சோறுதான் கஷ்டம். வேப்பம்பழத்துக்கு இது காலமில்லை. கொட்டகையில் மாடு சிந்திய சோளம் சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது.

மார்கழி வந்தது. தூரத்தில் வேலி தெரிந்தது. சூரைப்பழம் கறுகறுவென்று அப்படியே தொங்கியது. பறிக்க ஆளில்லை. சில பழங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. துடியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாரைப்பாம்பு வரப்பில் வெயில் காய்வதைப் பார்த்துவிட்டு, துடியன் ஒரே ஓட்டமாகப் போய்ப் பழம் பறித்து வந்தான். இந்த முறை நன்றாகப் பார்த்து, பழுத்ததாகத்தான் பறித்தான். தின்னவில்லை. நேரே சின்ன மகளிடம் கொண்டுபோனான்.

"கண்ணு, இந்தா. நல்லா இருக்கும், தின்னு."

அவள் பழத்தைப் பார்த்தாள். ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பழம் கொட்டகைச் சாணியில் போய் விழுந்தது.

"ஐயோ அப்பா! காட்டேரி எச்சில்!"

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமே! மூக்காயம்மா கண்ணால பாத்தாங்களாம்! உங்க வாலைக்கூட அவதான கடிச்சா?"

துடியன் வாயைத் திறந்தான். பூவாயியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூரையைப் பார்த்தான். ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தவர் வாயைக் கட்டப் பொய் சொன்னவன், பிறகு தன் பிள்ளைக்கு உண்மையை ஊட்டப் போனாலும் அது வாயைத் திறக்காது.